நாடாவும் தகடும்: ஒரு வீட்டுக் கருவியின் வரலாறு

பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்ட வட்டத்து அன்பர்கள், என் ஆய்வுத் துறையாகிய வாய்மொழிப் பாடல்களைப் பற்றியே நான் எழுதுவேன் என எண்ணியிருப்பர். இக்கட்டுரையும் ஒரு வாய்மொழிப் பாடலில் சென்று முடிவதுதான். ஆயின் அப்பாடலை எனக்குத் தந்தது கள ஆய்வு அன்று. வீடியோ நாடாவையும் டிவிடி தகட்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டிருந்த ஒரு பதிவுக் கருவி. அத்தகைய கருவி இன்று கடைகளில் இல்லை. அதன் வரலாற்றைச் சொன்னாலன்றி அப்பாடல் எனக்குக் கிட்டிய வகையும் விளங்காது.

காட்சியை நாடாவில் பதியும் முயற்சி காலத்தைத் தள்ளிவைக்கும் தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் 3 மணிநேர வேறுபாடு உண்டு. நியூயார்க்கில் மாலையில் வாசிக்கப்படும் செய்தியை மேற்குக் கரையினரும் தம் மாலைப் பொழுதிலேயே காண வேண்டுமாயின், அதனை 3 மணிநேரம் எங்கேனும் இருத்தி வைத்தல் வேண்டும். ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் சிகாகோவில் அறிமுகப்படுத்திய பதிவுக் கருவியைக் கொண்டு, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதனைச் செய்து காட்டியது. அக்கருவி வீட்டிற்குரியதன்று, அதன் நாடாவின் அகலம் மட்டுமே 2 அங்குலம். அது சுருங்கி வீட்டுக் கூடத்திற்கு வர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1975இல் சோனியின் பீட்டாமாக்ஸும், 1976 செப்டம்பரில் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்.ஸும் ஜப்பானில் வெளிவந்தன. முன்னதன் தொடக்ககால நாடா 1 மணிநேரமே ஓடிற்று; பின்னது 2 மணிநேரம் ஓடிற்று. ஒரு திரைப்படம் முழுவதையும் கொள்ளும் நாடாவை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. நம்மவர் படங்களுக்கு 2 மணிநேரமும் போதாது; 3 மணிநேர நாடாவே இங்குப் பெருவழக்காயிற்று.

தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவது திருட்டாகுமா என்னும் வினா உடனே எழுந்தது. யூனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் 1976இல் சோனியின்மீது தொடுத்த வழக்கு 8 ஆண்டுகள் நீடித்தது. பின்னர்க் காண்பதற்காகப் பதிந்து வைத்தல் குற்றமன்று என்று 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதியருள் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். அந்த ஒருவர் மாறியிருப்பின் இல்லப் பதிவின் வரலாறு வேறாகியிருக்கும்.

தமிழகத்தில் நிலைமை வேறு. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கிய பின்னரே இக்கருவி இங்குப் பரவலாயிற்று. நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘டெக்’. ‘நிகழ்படப் பதிவி’ என்றெல்லாம் நாம் கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருக்கையில், ஊரார் ஈரெழுத்துச் சொல்லொன்றில் காரியத்தை முடித்துவிட்டனர். டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தது ஒரு தலைமுறையின் பொது நினைவு. சொந்தமாகப் பதிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் நம் இல்லங்களில் எஞ்சியுள்ள நாடாக்களுள் பெரும்பாலானவை திருமண நாடாக்கள். ஒரு குடும்பத்து முதியோர் அசையும் உருவமாகவும் கேட்கும் குரலாகவும் இருப்பது அவற்றில் மட்டுமே.

குரலைப் பொறுத்தவரை அங்கொரு கேடு நேர்ந்தது. வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். அதில் காட்சி, சுழலும் உருளையிலுள்ள காந்தமுனைகளால் சாய்ந்த கோடுகளாக எழுதப்படும். நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் அவ்வுருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். ஒலியோ நாடாவின் விளிம்பில் தனியொரு நேர்கோடாக ஓடும். எனவே காட்சியைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்து வேறொன்றை எழுதுதல் எளிது. திருமண வீடியோக்காரர்கள் இந்த எளிமையைத் தாராளமாகப் பயன்படுத்தினர். மாப்பிள்ளை அழைப்பிற்கு ஒரு திரைப்பாடல், நலுங்கிற்கு ஒன்று, பந்திக்கு ஒன்று. அக்காலத்தில் அதுவே நேர்த்தி எனப்பட்டது. ஆச்சிமாரும் அப்பத்தாமாரும் வாயசைக்கப் பின்னணிப் பாடகர் பாடும் நாடாக்கள் எத்தனை வீடுகளில் உள்ளனவோ!

என் அத்தையின் திருமணம் 1991இல் நடந்தது. நலுங்கின்போது அப்பத்தா பாடினார். எனக்கு அப்போது 9 வயது. பாடியது நினைவிருக்கிறது, பாட்டு நினைவில்லை. 1996இல் அவர் மறைந்தார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. திருமண நாடாவில் அவ்விடத்தில் ஒரு காதல் பாட்டு ஒலிக்கும். ஆகவே நாங்கள் அப்பகுதியை எப்போதும் விரைவாக ஓட்டிவிடுவோம். பிற்காலத்தில் முனைவர்ப் பட்டத்திற்காக ஊர் ஊராகச் சென்று நலுங்குப் பாடல் தொகுத்த காலத்திலும், பீரோவிலிருந்த அந்த நாடாவை நான் ஒரு சான்றாகக் கருதவில்லை.

இந்நிலையில், 2007இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அண்ணன் அந்த இரட்டைக் கருவியைக் கொண்டுவந்தார். டிவிடி, 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது; வீட்டில் டிவிடியில் பதியும் கருவிகள் 1999இன் இறுதியிலிருந்து வந்தன. பழைய நாடாக்களைக் கைவிட மனமில்லாதோர்க்கென இரண்டையும் இணைத்த கருவிகள் தோன்றின. ஒரு பக்கம் நாடா, மறுபக்கம் தகடு. நடுவே, நாடாவின் அலைவடிவக் குறிகையை எண்களாக மாற்றிச் சுருக்கும் சில்லு. 4.7 ஜி.பி. தகடு நல்ல தரத்தில் 2 மணிநேரமே கொள்ளும். 3 மணிநேர நாடாவிற்கு ஒன்று இரண்டு தகடு, அல்லது தரக்குறைவு. விலைக்கு விற்ற திரைப்பட நாடாக்களுள் காப்புக் குறிகை இடப்பட்டவற்றைக் கருவி படியெடுக்க மறுத்துவிடும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமே நாடாப் பதிவுக் கருவிகளுக்கு அவ்வாறு விதித்திருந்தது. திருமண நாடாவுக்கு அத்தகைய தடை இல்லை. ஆனால் விரைவு என்பதும் இல்லை. 3 மணிநேர நாடாவைப் படியெடுக்க 3 மணிநேரம் ஆகும்.

அந்தத் தாமதமே எனக்கு வாய்ப்பாயிற்று. ஓட்டிவிட இயலாமல், முதன்முறையாக நலுங்குப் பகுதி முழுவதையும் பார்த்தேன். காதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டைத் தொடங்குமுன் வீடியோக்காரர் சற்றுக் கவனம் பிசகியிருக்க வேண்டும். ஏறத்தாழ 40 விநாடி, அழிக்கப்படாத பழைய ஒலி. பாத்திரங்களின் ஓசை, ஒரு குழந்தையின் அழுகை, அவற்றுக்கிடையே அப்பத்தாவின் குரல். இரண்டரை அடி பாடுகிறார். பிறகு மீண்டும் திரைப்பாட்டு.

இதன்பின் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். எழுதிய தகட்டைப் பிற கருவிகள் படிக்க வேண்டுமாயின், பதிவின் முடிவில் அதற்கு நிறைவு செய்தல் என்னும் ஒரு வேலை உண்டு. ‘ஃபைனலைஸ்’ என்னும் கட்டளை. நான் அதனைச் செய்யவில்லை. எழுதிய கருவியில் தகடு ஓடியதால் குறை தெரியவில்லை. 2013இல் கருவி பழுதுற்றது. அதன்பின் வேறெந்தக் கருவியும் அத்தகட்டை ஏற்கவில்லை. வெள்ளியென மின்னும் தட்டு. உள்ளே ஒன்றுமில்லை என்றன எல்லாம். படியெடுத்துவிட்டோமே, நாடா எதற்கு என்று வீட்டில் கேட்டபோது, தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்தது நன்றாயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்ட செய்தியை உ.வே.சா. தம் வரலாற்றில் எழுதியிருப்பதை ஆண்டுதோறும் மாணவியர்க்குப் பாடமாக நடத்துபவள் நான். அந்த அச்சம் எனக்கு உதவிற்று என்றே கொள்கிறேன்.

எஞ்சியது நாடா மட்டும். அதற்கும் காலம் குறுகிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025ஐக் கெடுவாகக் குறித்து 2015இல் எச்சரித்தது. நாடா அழிவதோடு, அதனை ஓட்டும் கருவியும் அதனைப் பழுதுபார்க்கும் கையும் மறைவதே அவ்வச்சத்தின் காரணம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2015இல் 7.5 லட்சம் நாடாக் கருவிகளை விற்றும், உதிரிப்பாகம் கிடைக்காமல் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. உலகில் இறுதிவரை அவற்றைச் செய்துவந்தது அந்நிறுவனமே என்பர்.

2018இல் எங்கள் பக்கத்து ஊரில், பழைய டெக் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த திருமண வீடியோக்காரர் ஒருவரிடம் நாடாவைக் கொண்டு சென்றேன். நாடாவின் ஓரத்தில் பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருந்தது. அவர் பெட்டியைத் திருகு கழற்றிப் பிரித்து, நாடாவை வேறு பெட்டிக்கு மாற்றி, மெல்லத் துடைத்து, கணினியில் ஏற்றித் தந்தார். நடுவே காட்சி பலமுறை கிழிந்து துள்ளியது. ஆனால் அந்த 40 விநாடிக்குக் குறையில்லை.

ஒலியை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அடுத்த இரண்டு அடிகளைத் தாமே பாடினார். மூன்றாம் அடியின் தொடக்கச் சொல்லில் அவருக்கு ஐயம். ஒருமுறை ஒன்றும் மறுமுறை வேறொன்றும் சொன்னார். இரண்டையும் பாடவேறுபாடாகக் குறித்து வைத்திருக்கிறேன். நாடா பீரோவிலேயே இருக்கிறது.