மெய்நிகர் சிங்கப்பூர்

சிங்கப்பூர்த் தீவு முழுவதன் நிலப்பரப்பு, கட்டடங்கள், சாலைகள் ஆகியவற்றைத் தரவுகளோடு இணைத்துக் காட்டும் முப்பரிமாண மின்னிலக்க இரட்டை. நாடு தழுவிய அளவில் இத்தகைய இரட்டையை உருவாக்க மேற்கொள்ளப்பட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

மெய்ப்பொருள் ஒன்றைக் கணினியில் பிரதிபலிக்கும் மின்னிலக்க இரட்டை என்னும் கருத்து உற்பத்தித் துறையில் பிறந்தது. ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் அதை முன்வைத்தார். நகரத் திட்டமிடலுக்கு அது பின்னரே வந்தது. மெய்நிகர் சிங்கப்பூர் 2014 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தேசிய ஆய்வு அறநிறுவனம் திட்டத்துக்குத் தலைமை ஏற்றது. சிங்கப்பூர் நில ஆணையம் நிலவரைத் தரவுகளை அளித்தது. பிரான்சின் தசோ சிஸ்டம்ஸ் நிறுவனம் மென்பொருள் தளத்தை உருவாக்கியது.

வானிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் லேசர் கதிர்களால் அளந்த புள்ளிகளே மாதிரியின் அடித்தளம். சாதாரண முப்பரிமாண வரைபடம் கட்டடத்தின் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடும்; இதிலோ ஒவ்வொரு உருவும் தனக்குரிய பண்புகளைச் சுமந்திருக்கும். நடைபாதை விளிம்பு, படிக்கட்டு, சரிவின் செங்குத்து ஆகியவை பதிவாகியிருப்பதால் சக்கர நாற்காலி செல்லத்தக்க வழியைக் கணிக்க முடியும். கட்டட உயரம், கூரைப் பரப்பு, வெயில் அளவு ஆகியவற்றைக் கொண்டு சூரியத் தகடு பதிக்க ஏற்ற கூரைகளைத் தேர்ந்தெடுக்கலாம். காற்றோட்டம், இரைச்சல், கூட்ட நெரிசலில் வெளியேறும் வழி ஆகியவற்றையும் பாவனை செய்து பார்க்கலாம்.

நிலத்தடிதான் கடினமான பகுதி. புதைந்த குழாய்களும் வடங்களும் பழைய வரைபடங்களில் காட்டிய இடத்தில் பல வேளைகளில் இருப்பதில்லை. வானிலிருந்து அளக்கும் லேசருக்கு அவை எட்டுவதும் இல்லை. இதற்கென நில ஆணையமும் சிங்கப்பூர்–இடிஎச் ஆய்வு மையமும் 2017இல் தனித் திட்டம் தொடங்கின; தரையை ஊடுருவும் ராடார் அதன் முக்கியக் கருவி.