வைஃபை தெரியாத கணினி: ஒரு பழுதின் வரலாறு

“போன்ல எல்லா வைஃபையும் வருது, கம்ப்யூட்டர்ல ஒண்ணுகூடக் காட்ட மாட்டேங்குது.” சர்வீஸ் கடைகளுக்குப் பழகிப்போன புகார் இது. பாஸ்வேர்டு தவறு என்றால் அப்படியே திரையில் வந்துவிடும். நெட் மெதுவாக இருந்தால் மோடத்தைச் சந்தேகிக்கலாம். பட்டியலே காலியாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? பழுதின் வேர் பெரும்பாலும் பழைய முடிவு ஒன்றில் கிடக்கிறது. அது எப்போது எடுத்த முடிவு என்று தெரிந்தால் எங்கே கை வைப்பது என்றும் தெரிந்துவிடும்.

1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளுக்கென ஒதுக்கியிருந்த அலைவரிசைகளில் உரிமம் இல்லாமல் செய்தியும் அனுப்பலாம் என்று அனுமதித்தது. வைஃபைக்கு வழி திறந்தது அங்கேதான். மற்ற நாடுகள் தத்தம் வசதிப்படி பின்தொடர்ந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்கா 11 சேனல்களோடு நிறுத்திக்கொண்டது, ஐரோப்பா 13 வரை போனது. அமெரிக்கச் சந்தைக்கென்று தயாரான லேப்டாப், 13ஆம் சேனலில் ஓடும் ரூட்டரைக் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான். ரூட்டரைப் பதினொன்றுக்குள் மாற்றினால் சட்டென்று தெரியும்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிம விலக்கு தரும் விதிகள் 2005 ஜனவரியில் வந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் பெரிய அளவில் திறந்தது 2018 அக்டோபரில்: மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். இன்றைய வீடுகளுக்கு இது முக்கியமான தேதி. புது ஃபைபர் மோடம்கள் இரண்டு அலைவரிசையிலும் பேசும். பத்துப் பதினைந்து வருடக் கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். மோடத்தில் 5 மட்டும் இயங்கினால் போனில் தெரியும், கணினியில் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பெயரைப் பார்த்தால் ஓரளவு புரியும்: ‘ஏசி’, ‘ஏஎக்ஸ்’ என்று இருந்தால் 5 உண்டு, வெறும் ‘பிஜிஎன்’ என்றால் பெரும்பாலும் இல்லை.

லேப்டாப்பில் வைஃபையை அணைக்கும் சுவிட்சின் கதை வேறு. 1999 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூயார்க்கில் ஐபுக்கை அறிமுகப்படுத்தியபோது ஆன்டெனா உள்ளேயே இருந்தது. வைஃபை கார்டைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். 2003 மார்ச்சில் இன்டெல்லின் சென்ட்ரினோ வந்தபின் லேப்டாப் என்றாலே வைஃபையும் சேர்ந்ததுதான் என்றாயிற்று. விமானத்தில் ரேடியோவை அணைக்க வேண்டும், பேட்டரியையும் மிச்சப்படுத்த வேண்டும். அதற்காக லேப்டாப்பின் முன்விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்குச் சின்னதாக ஒரு சுவிட்சை வைத்தார்கள். பையில் உரசி அது தானாக நகர்ந்துவிடும். சில மாடல்களில் நீல விளக்கு ஆரஞ்சாக மாறும். அதைக் கவனிக்காமல் விண்டோஸையே மறுபடி நிறுவியவர்கள் உண்டு. சுவிட்ச் கெட்டுப்போனால் மெக்கானிக்குகளிடம் ஒரு கைவேலை இருந்தது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் 20ஆம் பின்தான் ‘அணை’ என்ற கட்டளையைக் கொண்டுவரும். அதன் மேல் மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டால் கட்டளை கார்டுக்குப் போய்ச் சேராது, ரேடியோ எப்போதும் ஓடும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தகராறு மென்பொருளில். வைஃபையைத் தானே கவனிக்க எக்ஸ்பியில் ஒரு சர்வீஸ் இருந்தது. கார்டு தயாரித்த நிறுவனமும் தன் நிரலைக் கூடவே நிறுவும். கார்டின் நிரல் பொறுப்பை எடுத்துக்கொண்டால், இந்த இணைப்பை விண்டோஸால் அமைக்க முடியாது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். விஸ்டாவிலிருந்து அந்தச் சர்வீஸின் பெயர் ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’. இன்றைக்கும் அது நின்றுபோனால் பட்டியல் காலிதான்.

லினக்ஸ்காரர்கள் பட்ட பாடு இதைவிடப் பெரிது. பல வைஃபை சிப்புகளுக்குள் நிரந்தரமாக நிரல் கிடையாது. கணினி எழும்போதெல்லாம் ஃபர்ம்வேர் என்ற கோப்பை ஏற்றினால்தான் சிப் உயிர்பெறும். சிப் தயாரிக்கும் பிராட்காம் நிறுவனம் தன் சிப்புகளின் விவரத்தை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அந்நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதிவைத்து, அதைக் கொண்டு புது டிரைவரை உருவாக்கினார்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், 2006இல் வெளியான 2.6.17 பதிப்பில் அது சேர்ந்தது. ஃபர்ம்வேரை மட்டும் பகிர உரிமை இல்லாததால், பழைய டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டியெடுக்கத் தனிக் கருவியே எழுத வேண்டியிருந்தது. ஊதியம் வாங்காத அந்த உழைப்பு இல்லையென்றால் எத்தனையோ நல்ல லேப்டாப்புகள் லினக்ஸில் வைஃபை இல்லாமலே கிடந்திருக்கும். பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை உருவாக்கும் குழுவுக்கு இது கொள்கைச் சிக்கலும்கூட. மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரை 2011இல் தன் கெர்னலிலிருந்து விலக்கியது. கொள்கை சரிதான், ஆனால் நிறுவும்போதே வைஃபை தெரியாது, அதைத் தெரியவைக்கும் கோப்பை இறக்கவோ நெட் வேண்டும். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து நிலைப்பாட்டை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் டெபியன்தான் அடித்தளம் என்பதால் தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

பழைய இயங்குதளம் இருக்கும் கணினிகளில், வைஃபைக்கு நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற அந்த முடிச்சு இன்னும் விழுகிறது. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் நெட்டைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் இல்லாமலே நெட் வந்துவிடும். வைஃபைக்கு வேண்டிய கோப்பை அந்த வழியாகவே இறக்கிக்கொள்ளலாம்.