பஞ்சாரத்துக் கணக்கு

ஏரி, கோயில், கல்வெட்டு, மிராசு என்று தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வண்டி வண்டியாக வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜமீன்தார் வளர்த்த குதிரைக்கும் யானைக்கும்கூட அதில் இடம் உண்டு. சேரிப் பெண் வளர்த்த கோழிக்கு இடமில்லை. என்னத்தக் கோழி, அதுக்கொரு வரலாறா என்று கேட்கிறவர்கள் நம்ம தோழர்களிலேயே உண்டு. நிலம் வைத்திருந்தவனின் வரலாற்றை வரி ஆவணத்திலிருந்து எழுதிவிடலாம். நிலமே இல்லாதவர்களின் வரலாற்றை எதிலிருந்து எழுதுவது? அவர்கள் கையில் என்ன இருந்ததோ அதிலிருந்துதான்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் என்று பேச்செடுக்கும்போதெல்லாம் நாம் காட்டுகிற அறிக்கை அது. 1892-ல் நில ஒப்படைப்பு ஆணை வந்ததும் அதன் பிறகுதான். அதில் நிலத்தைப் பற்றி வருவதைப் படித்த அளவுக்கு, குடியிருந்த மனையைப் பற்றி வருவதை நாம் படிக்கவில்லை. குடிசை நின்ற இடமும் மிராசுதாருக்கே சொந்தம். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். இப்படி வாழ்ந்த சனம் எதைச் சேர்த்து வைக்கும்? வெளியே போடா என்றால் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியதை மட்டுமே சேர்க்கும். நாலு மண்சட்டி, ஒரு வெள்ளாடு, அஞ்சாறு கோழி.

அந்தக் கோழியும் பெண்களுடையது. ஆம்பளை கூலி நெல்லாக வந்து உலையில் போய்விடும், அல்லது கள்ளுக்கடைக்குப் போய்விடும். பஞ்சாரத்துக்குள்ளே கிடப்பது அவளது தனிக் கணக்கு. கோழி அடைக்கு உட்காரும் காலம் தெரிந்து, முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கூடையில் வைக்கோல் பரப்பி பதினொன்றோ பதிமூன்றோ வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு. 21 நாள். பொரித்த குஞ்சில் கள்ளப்பருந்துக்குப் போனது, கீரிக்குப் போனது, வெருகுக்குப் போனது போக நாலோ அஞ்சோ தேறும். சொந்தமாகக் கோழி வாங்க வழியில்லாதவள் இன்னொருத்தி கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். வளர்ந்ததில் பாதி கோழிக்காரிக்கு, பாதி வளர்த்தவளுக்கு. நிலக்குத்தகை பற்றி எத்தனையோ ஆய்வு வந்திருக்கிறது. இந்தக் கோழி வாரமும் ஒரு குத்தகைதான், எழுத்தில் இல்லாத குத்தகை.

ஆனால் கோழி மேய வேண்டுமே. மேய்கிற இடமெல்லாம் எவனுடையதோ. எங்க அப்பத்தா சொல்லும்: "களத்துல நெல்லுக் காயும். நம்ம கோழிக்கு அது மொதலாளி களம்னு தெரியுமா? ரெண்டு கொத்துக் கொத்திருச்சுன்னு கம்பெடுத்து அடிச்சு, காலைப் பிடிச்சு எங்க தெருவுல வீசிட்டுப் போவாக. செத்த கோழியத் தூக்கிக்கிட்டு போயி நாமதான் மன்னிப்புக் கேக்கணும், சாமி தெரியாம வந்துருச்சுன்னு." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். கேட்டவளுக்குச் சிரிப்பு வராது.

அதே கோழி வேறு விதமாகவும் ஊருக்குள் போனது. பண்டிகை என்றால் பண்ணையார் வீட்டுக்கு ஒரு சேவல். ஊருக்கு அதிகாரி வந்து தங்கினால் தலையாரி வந்து நிற்பது சேரியில்தான். எந்தப் பஞ்சாரத்தில் எத்தனை விடை கிடக்கிறது என்று கர்ணத்துக்குத் தெரியாது, தலையாரிக்குத் தெரியும். சேரிக் கோழி ஊர் அடுப்பில் ஏறும்போது அதற்குத் தீட்டில்லை. முட்டைக்கும் இல்லை. பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கிற கைக்குத்தான் வாசப்படி மறிக்கப்பட்டது.

இது பழைய கதை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். 1989-ல் சத்துணவில் முட்டை சேர்த்தார்கள், நல்ல காரியம். முட்டை எந்தச் சாதிக்காரன் பண்ணையிலிருந்து வந்தது என்று ஒரு பள்ளிக்கூடத்திலும் கேட்டதாகத் தகவல் இல்லை. 2018-ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

மனுவைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். ஊர்க்கோழியை அறிந்தே தின்ற இருபிறப்பாளன் சாதியிழப்பான் என்கிறது ஐந்தாம் அத்தியாயம். மூன்றாம் அத்தியாயத்தில், பார்ப்பனர் உண்ணும்போது பார்க்கக் கூடாதவர்களின் பட்டியல் வருகிறது: சண்டாளன், பன்றி, சேவல், நாய், தீட்டுப்பட்ட பெண், அலி. ஒரே வரிசையில் மனுசனும் மிருகமும். சேவல் சிறகுக் காற்றால் கெடுக்குமாம், நாய் பார்வையால் கெடுக்குமாம், கீழ்ச்சாதிக்காரன் தொட்டுக் கெடுப்பானாம். பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு என்று சொல்லிவிட்டு, நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்கிறது. நம்மைத் திட்டுவதற்காக எழுதிய இந்த வரிகளில் நமக்கு ஒரு வரலாற்றுத் தகவல் இருக்கிறது. நாம் யாரோடு சேர்ந்து வாழ்ந்தோம் என்று எதிரியே எழுதி வைத்திருக்கிறான்.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன் வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை செருப்பு கூடாது. 1931-ல் அது பதினொன்றாக நீண்டது. எழுதப் படிக்கக் கூடாது, கல்யாணத்தில் மேளம் கூடாது, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. ஹட்டன் 1946-ல் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் இவை பதிவாகியுள்ளன. பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று தெரிகிறது: கோழி அதில் இல்லை. இரக்கத்தால் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாம் வளர்த்தால் அவர்கள் தின்னலாம். குடையையும் எழுத்தையும் தின்ன முடியாது.

கோழிக்கு வந்த பெரிய எதிரி நோய். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் கண்டறிந்த நோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் பதிவாகி, இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரையே பெற்றது. நம்ம சனத்துக்கு அது வெள்ளைக்கழிச்சல். சாயங்காலம் தூங்கி வழியும், விடியும்போது பஞ்சாரமே காலி. பெண்கள் சின்ன வெங்காயம், மிளகு, வேப்பிலை என்று அரைத்துப் புகட்டுவார்கள், பெரும்பாலும் பிழைக்காது. தடுப்பு மருந்து பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் ஒரு குப்பி நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்று வரும், குளிரில் வைக்க வேண்டும், திறந்தால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். அஞ்சு கோழிக்காரிக்கு அது என்ன பிரயோசனம்? மருந்தின் அளவே பண்ணைக்காரனை நினைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தெருவே கூடி ஒரே நாளில் போட்டால் பயன்படும், செய்கிற இடங்களும் உண்டு.

2003-ல் இன்னொரு எதிரி வந்தது. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயிலில் கிடா கோழி வெட்டக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. முனிக்கும் காட்டேரிக்கும் நேர்ந்துவிட்ட சேவலுக்குப் பதில் என்ன கொடுப்பது, சர்க்கரைப் பொங்கலா? எதிர்ப்பு பலமாக இருந்தது. 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இனி நாய். இங்கிலீசுக்காரன் நம் சாதிப் பெயரை எடுத்துத் தெருநாய்க்கு வைத்தான். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'பறையா நாய்' தனிச் சொல்லாக இருக்கிறது. நம் குஞ்சைத் தூக்குகிற கள்ளப்பருந்துக்கும் அதே பெயர். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று மற்ற நாய்களுக்கு ஊர்ப் பெயர். 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலைகூட வந்தது. நம்ம தெரு நாய்க்கு மட்டும் சாதிப் பெயர்.

மதுரை வட்டாரத்துச் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததை, தீண்டாமை வடிவங்களைக் கணக்கெடுத்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம்? சேரிக் கடுவன் ஊர்ப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அதை நாய் வரைக்கும் கொண்டுபோனவர்கள் நம்மூர்க்காரர்கள். 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடந்ததைப் பார்த்து நகரத்து ஆட்கள் அதிர்ந்தார்கள். சேரியில் படம் பார்த்தவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு நாய் ஞாபகம் வந்தது.

உயிருள்ள நாய்க்குத்தான் இந்தச் சட்டமெல்லாம். ஊர்த்தெருவில் நாய் செத்துக் கிடந்தால் தூக்கிப்போடச் சேரிக்குத்தான் ஆள் வரும். செத்த விலங்குகளை அகற்றும்படி தலித்துகளைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுத 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண் நாய் தடை இருந்த ஊர்களில் சேரிப் பெட்டைகள் குட்டி போடாமலா இருந்தன? ஊர்க் கடுவன்கள் ராத்திரியானால் சேரித் தெருவுக்குள் வரும், விடியும்போது போகும். அதைத் தடுக்க ஒருநாளும் பஞ்சாயத்துக் கூடியதில்லை.