பறவைக்கு எந்த அம்பு?

சரித்திரக் கதைகளில் வரும் அம்புகள் எல்லாம் ஒரே அம்புதான். வீரன் தூணிக்குள் கையை விடுகிறான். அகப்பட்டதை எடுத்து நாணில் தொடுக்கிறான். எதிரே நிற்பது பகைவனானாலும் சரி, புலியானாலும் சரி, கிளையில் உட்கார்ந்திருக்கும் காட்டுக் கோழியானாலும் சரி, அது போய்த் தைத்துவிடுகிறது. வில்லை நம்பிப் பிழைத்த ஒரு வேடன் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பான். எந்த முனையுள்ள அம்பை எடுப்பது என்பதே அவனுக்கு முதல் கேள்வி. குறி பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பேரணாம்பட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது தோல். பழந்தமிழில் 'தோல்' என்ற சொல்லுக்குக் கேடயம் என்றும் ஒரு பொருள் உண்டு. கெட்டித் தோலால் ஆன கேடயத்தின் பின்னால் நிற்பவன்மேல் விடும் அம்பு ஒடுங்கியதாக, கூரியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலிலேயே நின்றுவிடும். பக்கத்து ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. நுளம்பனுடைய படை மாடுகளைக் கவர வந்தபோது எதிர்த்து நின்று மாண்ட வீரர்களின் நினைவாக நட்டவை அவை. அத்தகைய சண்டைக்கு ஊடுருவும் அம்பு வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்து வேடன் ஒருவன், ஊருக்கு அப்பால் ஆந்திர எல்லையை நோக்கி எழும் மலைக்காட்டில் கோழி தேடிப் புறப்படும்போது அதே அம்பை எடுத்துப் போயிருந்தால், பல நாள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பான்.

காரணம் எளியது. நம் காட்டுக் கோழியின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. இறகை நீக்கிவிட்டால் உடம்பு கையகலம். ஊசிபோன்ற முனை அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். பறவையோ காயத்தோடு பறந்து புதருக்குள் மறையும். குறி தவறினாலோ அம்பு உயரத்தில் ஒரு கிளையில் குத்திக்கொண்டு நிற்கும். இரும்பு மலிவான பொருளாக இல்லாத காலத்தில் அது பெரிய நஷ்டம். ஆகவே பறவைக்கு ஏற்றது மொட்டையம்பு. முனையில் இரும்புக்குப் பதில் ஒரு மரக்குமிழ். அது குத்தாது, அடிக்கும். அடிபட்ட பறவை மயங்கி விழும். குறி தவறினால் அம்பும் கீழே விழும். இறைச்சியும் கெடாது.

இது வேடர்களோடு நின்றுவிட்ட அறிவு அல்ல. மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909-இல் பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலையைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அம்பின் முனைகளை இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் செய்யலாம் என்றும், அவை செய்யும் வேலை மூன்று என்றும் அது கூறுகிறது: அறுப்பது, துளைப்பது, அடிப்பது. அம்பைப் பற்றிய முழுச் சாஸ்திரமும் இந்த மூன்று சொற்களில் அடங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

பறவை பெரிதானால் கணக்கும் மாறும். அமெரிக்கக் காடுகளில் இன்றும் வில்லால் வான்கோழி வேட்டையாடுகிறார்கள். அங்கே சேவல் 5 முதல் 10 கிலோ வரை இருக்கும். இறகுக் கவசமும் தடிப்பானது. உயிர்நிலையோ ஒரு கைப்பிடி அளவுதான். அடித்து மயக்குவது நடவாது. ஆகையால் அறுக்கும் அம்பை நாடுகிறார்கள்: அகன்ற அலகு, பட்டவுடன் விரியும் அலகு, கழுத்தை மட்டும் குறிவைக்கும் நீண்ட அலகு. அலகின் அகலம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று சில மாநிலங்களில் சட்டமே உண்டு. பறவை காயத்தோடு தப்பி எங்கோ கிடந்து சாகக் கூடாது என்ற கவலைதான். நம் இதிகாசங்களில் தலையைக் கொய்யும் பிறைமுகக் கணையை நினைத்துக்கொள்ளுங்கள், யோசனை ஒன்றுதான்.

நம் நாட்டில் சிறு பறவைக்கு இன்னும் ஒரு படி மேலே போய், முனையோடு அம்பையே விட்டுவிட்டார்கள். உண்டைவில் என்பது களிமண் உருண்டையை எறியும் வில். சிறுவனாக இருந்தபோது இராமன் அதைக் கொண்டு கூனியின் முதுகில் அடித்ததும், அதை அவள் மறக்காமல் மனத்தில் வைத்திருந்ததும் கம்பன் சொன்ன கதை. ஒரு சாம்ராஜ்யமே திசை மாறியது அந்த மண்ணுருண்டையால்! தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ, நாய்களை விட்டு முயலைத் துரத்தி, வேலியில் மாட்டிய வலையில் விழச்செய்து பிடிப்பவர்களைக் காட்டுகிறது. அங்கே வில்லுக்கே வேலை இல்லை.

ஆனால் புகழ் யாருக்குக் கிடைத்தது? கொல்லிமலை வல்வில் ஓரிக்கு. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடினார். வள்ளுவரும் படைச்செருக்கில், முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே ஏந்துவதற்கு இனியது என்றார். போர்வீரனுக்கு அது சரியான பேச்சு. வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும் வேடனின் மனைவியைக் கேட்டிருந்தால், அவள் எதை இனியது என்றிருப்பாள்?

கவிகள் மட்டும் இப்படி ஒருதலையாக நடந்துகொள்ளவில்லை. மண்ணும் அப்படித்தான். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது இரும்பு ஆயுதங்கள் ஏராளமாகக் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025-இல் சிவகளையின் காலக்கணிப்பு அதைக் கி.மு. நான்காவது ஆயிரத்தாண்டுக்குள் கொண்டுபோயிற்று; அங்கே தாழிகளில் கிடைத்தவற்றில் அம்பு முனைகளும் உண்டு. இரும்பு துருப்பிடித்தாவது நிற்கும். மரக்குமிழ் மக்கிப் போகும். மண்ணுருண்டை மண்ணோடு மண்ணாகும். வலையின் நூல் ஒரு தலைமுறைகூடத் தாங்காது. கொன்ற கருவி மிஞ்சுகிறது. சோறு போட்ட கருவி மிஞ்சுவதில்லை. மிஞ்சியதை வைத்து எழுதும் சரித்திரத்தில் நம் முன்னோர் எந்நேரமும் போரிட்டுக்கொண்டே இருப்பதில் ஆச்சரியம் என்ன?

மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கே கதவைச் சாத்தியது. நல்லதுதான். காட்டுக் கோழி இனி நிம்மதியாகக் கூவட்டும். ஆனால் வேட்டையோடு அந்த வேடனின் யோசனையும் மறைந்துபோக வேண்டியதில்லை. அடுத்த முறை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஓர் இரும்பு முனையைப் பார்க்கும்போது மன்னனையும் போரையும் நினையுங்கள். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அதே தூணியில் பக்கத்தில் இருந்து மக்கிப்போன மொட்டையம்பையும் கொஞ்சம் நினையுங்கள். அன்றிரவு அந்த வீட்டில் உலை கொதித்தது பெரும்பாலும் அதனால்தான்.