இன்பக் கணக்கும் ஏழைகளின் வயிறும்



ஒரு செயல் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம் என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள், இன்பம் மிஞ்சினால் செய்யுங்கள் என்றார் ஓர் ஆங்கிலேயர். ஜெரமி பெந்தம் (1748-1832) என்பது அவர் பெயர். 1789-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கணக்கு விரிவாக உள்ளது. பிரபுவின் இன்பமும் கூலிக்காரனின் இன்பமும் அதில் ஒரே எடைதான். அந்தக் காலத்துக்கு இது பெரிய பேச்சு!

நம் வீடுகளிலும் இந்தக் கணக்கு தினமும் நடக்கிறது. கையிலிருக்கும் காசில் மூத்தவனுக்குப் புத்தகமா, சின்னவளுக்கு மருந்தா என்று யோசிக்கும் தாய் வேறென்ன செய்கிறாள்? அவள் இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துக் கணக்குப் போடுகிறாள். முகம் பார்க்காமல் ஒரு நாட்டுக்கே போட்டால் என்ன ஆகும்? சரித்திரத்தைக் கேளுங்கள்.

பெந்தமின் கடைசிக் காலத்தில் அவருக்குச் செயலாளராக இருந்தவர் எட்வின் சாட்விக். 1834-இல் இங்கிலாந்தில் வந்த புதிய ஏழைச் சட்டத்துக்கு அடிப்படை அறிக்கையை எழுதியவர்களில் முக்கியமானவர் இவர். ஏழைகளுக்கு வீட்டிலேயே உதவி கொடுத்தால் சோம்பேறிகள் பெருகுவார்கள், ஆகையால் உதவி வேண்டுவோர் விடுதிக்குள் வரட்டும் என்பது திட்டம். வெளியே இருக்கும் மிக ஏழைத் தொழிலாளியின் வாழ்வைவிட விடுதி வாழ்வு மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு வழியே இல்லாதவன் மட்டும் வருவான், வரிப்பணமும் மிஞ்சும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்!

ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலை. பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததையும் மூளையையும் தின்றார்கள். 1845-இல் விஷயம் வெளியே வந்தது. 1846-இல் பாராளுமன்றம் விசாரித்தது. 1847-இல் ஏழைச் சட்ட ஆணையத்தையே கலைத்தார்கள். மிச்சமான வரிப்பணத்தைப் பேரேட்டில் எழுதினார்கள், சரி. எலும்பைச் சப்பிய வயிற்றை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? கூட்டலில் பிழை இல்லை ஐயா, ஆளையே எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் சாட்விக்கை வெறும் கல்நெஞ்சக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. 1842-இல் அவரே வெளியிட்ட சுகாதார அறிக்கையைப் பாருங்கள். மான்செஸ்டரில் இறந்தோரின் சராசரி வயது வசதி படைத்த குடும்பங்களில் 38. தொழிலாளர் குடும்பங்களில் 17! குழந்தைகள் அவ்வளவு பேர் இறந்தார்கள் என்று அர்த்தம். சாக்கடையும் நல்ல தண்ணீரும் அமைக்கச் செலவாகும், உண்மைதான். ஆனால் நோயில் தகப்பன் செத்தால் விதவையையும் அநாதைப் பிள்ளைகளையும் காப்பாற்ற ஊர்தானே செலவு செய்ய வேண்டும்? அந்தச் செலவு இதைவிடப் பெரியது என்று காட்டினார். அதே கணக்குத்தான், இந்தத் தடவை ஏழையின் வீட்டையும் சேர்த்துப் போட்டார். 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நோய் நாற்றத்தால் வருகிறது என்று அவர் நம்பியது தப்பு, ஆனால் குப்பையை அகற்றச் சொன்னது தப்பில்லையே!

ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவருடைய தந்தை பெந்தமின் நண்பர். 1823-இல், 17 வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1858 வரை அங்கேயே வேலை. 1786-இல் நம் பினாங்கில் கொடி நாட்டிய அதே கம்பெனிதான். இன்பத்தில் அளவு மட்டுமல்ல, தரமும் உண்டு என்று 1861-இல் எழுதி, பெந்தமின் கணக்கைத் திருத்தினார். பிறகு பாராளுமன்ற உறுப்பினரானார். ஆண்களுக்கு வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா 1867-இல் விவாதத்துக்கு வந்தபோது, பெண்களையும் சேருங்கள் என்று எழுந்து கேட்டவர் இவர்தான். ஆதரவாக 73 வாக்கு, எதிராக 196.