கெங்குவார்பட்டிக் கல் சொல்லும் ஆழம்

தேனி மாவட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் கெங்குவார்பட்டி. அங்கே இன்று வெயிலில் காயும் பாறை ஒரு காலத்தில் பூமிக்குள் சுமார் 30 கி.மீ. ஆழத்தில் இருந்தது! ரஷ்யாவின் கோலாவில் மனிதன் போட்ட மிக ஆழமான துளையே 12 கி.மீ.தான். அப்படியென்றால் இந்த 30 கி.மீ. கணக்கு எங்கிருந்து வந்தது?

1893-இல் ஸ்காட்லாந்து மலைகளில் பாறைகளை ஆராய்ந்த ஜார்ஜ் பாரோ, ஒரு திசையில் போகப் போக அவற்றிலுள்ள கனிமங்கள் ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று வரிசையாக மாறுவதை எழுதினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் தாமஸ் ஹாலண்ட், ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அதற்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். அது சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல். தேனி மலைகளிலும் இந்த வகைக் கல் நிறைய உண்டு. பிறகு 1915-இல் ஃபின்லாந்தின் எஸ்கோலா இதற்கு ஒரு விதி சொன்னார்: பாறையின் ரசாயனக் கலவை ஒன்றாகவே இருந்தாலும், வெப்பமும் அழுத்தமும் மாறினால் அதில் உண்டாகும் கனிமங்கள் மாறும்.

அளக்கும் முறை இதுதான். கார்னெட்டும் பைராக்சினும் இரும்பையும் மக்னீசியத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் விகிதம் வெப்பத்தைக் காட்டும். அழுத்தம் கூடினால் அடர்த்தியான கார்னெட் நிலைக்கும். குறைந்தால் லேசான கார்டியரைட் உருவாகும். வளிமண்டல அழுத்தத்தைப் போல 1,000 மடங்கு என்றால் சுமார் 3.5 கி.மீ. ஆழம். கெங்குவார்பட்டிப் பாறையில் 900 டிகிரிக்கு மேல் வெப்பமும், 8,000 மடங்குக்கு மேல் அழுத்தமும் பதிவாகியுள்ளன.

இது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வகுத்துப் பார்த்தால் 18 ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்மானம். ஆனால் இந்தச் சராசரியை அப்படியே நம்பக் கூடாது. அங்கே கார்னெட்டின் ஓரங்கள் சிதைந்து கார்டியரைட் ஆகியிருக்கின்றன. பாறை ஆறுவதற்கு முன்பே மேலிருந்த பாரம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது மேலே வந்த பயணத்தின் ஒரு பகுதி வேகமாக நடந்திருக்கிறது. மழையும் ஆறும் அரித்ததோடு, நிலம் இழுபட்டு மெலிந்ததற்கும் இதில் பங்கு இருக்கலாம்.

தென்னிந்தியாவின் நிலத்தோடு இன்றைக்கும் சுமார் 40 கி.மீ. தடிமன் உள்ளது. போன 30 கி.மீ.யையும் கூட்டினால் 70! இன்றைய திபெத்தின் கனம் அதுதான். வைகைக் கரையிலும் ஒரு திபெத் இருந்திருக்கலாம். அதற்குச் சாட்சி, கையில் அடங்கும் ஒரு கல்.