நூல் எந்தக் கையில்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சிறு வழக்குக்குத் தீர்ப்புக் கூறும்படி என்னை அழைத்தார்கள். பிறக்கவிருந்த பேரப்பிள்ளைக்காகத் தங்கை கம்பளித் தொப்பி ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த மருமகள் அருகே அமர்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். தங்கை நூலை வலக்கையில் பிடித்து ஒவ்வொரு கண்ணிக்கும் அதை ஊசியின் மேலாக வீசிச் சுற்றினாள். மருமகளோ நூலை இடக்கைச் சுட்டுவிரலில் விறைப்பாக நிறுத்தி, வலக்கை ஊசியின் முனையால் அதைக் கொத்தி எடுத்தாள்.

"மாமி, ஒரு கண்ணிக்கு ஏன் இவ்வளவு தூரம் கையை வீசுறீங்கள்?" என்றாள் மருமகள். "பிள்ளை, எங்களுக்குப் பழக்கினவை இப்படித்தான் பழக்கினவை. உங்கட முறை ஜேர்மன்காரற்ற முறை" என்றாள் தங்கை. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் மறையவில்லை. நான் அன்று தீர்ப்பு எதுவும் கூறவில்லை. ஆனால் அந்த ஒரு விரல் அசைவுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பின்னல் துணி என்பது ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கப்பட்ட கண்ணிகளின் வரிசை. நூலைத் துணியின் பின்னால் வைத்துக் கண்ணியை முன்பக்கம் இழுத்தால் நேர்ப்பின்னல்; முன்னால் வைத்துப் பின்பக்கம் தள்ளினால் மறுபின்னல். மற்றைய வேலைப்பாடுகள் பெரும்பாலும் இவ்விரண்டின் கூட்டல் கழித்தலே. நூல் வலக்கையிலிருந்து வந்ததா, இடக்கையிலிருந்து வந்ததா என்பதை முடிந்த துணியைப் பார்த்துச் சொல்வது அரிது. துணியைத் தீர்மானிப்பது நூலின் இறுக்கம். நூலைச் சின்னவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி மற்ற விரல்களின் இடையே நுழைத்து, ஒரே சீராக வழுகிவரச் செய்வதிலேயே பின்னுபவரின் திறமை இருக்கிறது. பிடி இறுகினால் துணி பலகையாகும், தளர்ந்தால் தொய்ந்துவிடும்.

சரி, நூல் பிடிக்கும் முறைகள் ஏன் பிரிந்தன? விடை இங்கிலாந்தின் வறுமையில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். யோர்க்ஷயர் பள்ளத்தாக்குப் பகுதியில் டென்ற் என்ற சிற்றூர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் அங்கே காலுறை பின்னிப் பிழைத்தனர். இடுப்புப் பட்டியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, அதிலுள்ள துளையில் வலப்பக்க ஊசியின் அடிமுனையை நிறுத்திவிடுவார்கள். ஊசியின் பாரத்தை அந்தக் கட்டை தாங்கிக்கொள்ளும். வலக்கை ஊசிமுனைக்கு அருகிலேயே நின்று, சுட்டுவிரலின் சிறு அசைவினால் நூலைச் சுற்றும். உடல் முழுவதும் தாளத்துக்கு ஆடுவதுபோல் முன்னும் பின்னும் அசையுமாம். 1838இல் வில்லியம் ஹொவிற் இதனை நேரில் கண்டவர்போல் எழுதியிருக்கிறார்.

டென்றில் 1785இல் பிறந்தவர் புவியியலாளர் அடம் செட்ஜ்விக்; கேம்பிரிட்ஜில் சார்ள்ஸ் டார்வினுக்குப் பாறைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் இவரே. முதுமையில் தம் ஊரைப்பற்றி எழுதியபோது அவர் பின்னல்காரர்களை மறக்கவில்லை. மாலைவேளைகளில் அயலவர் ஒரு வீட்டில் கூடுவர். ஒரே அடுப்பும் ஒரே விளக்கும் எல்லோருக்கும் போதும். கைகள் தம் வேலையைத் தாமே செய்ய, ஒருவர் கதை வாசிப்பார். கேட்க இனிமையான காட்சிதான். ஆனால் ரொபேர்ட் சதேயின் 'த டொக்டர்' என்ற நூலில் வேறொரு காட்சி இருக்கிறது. பின்னல் பழகுவதற்காக டென்றுக்கு அனுப்பப்பட்ட இரு சிறுமியர் அந்த வாழ்வைத் தாங்கமாட்டாமல் கால்நடையாகவே தம் வீட்டுக்குத் தப்பியோடிய கதை அது. விரல் வேகத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை அக்குழந்தைகள் அறிந்திருந்தார்கள்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளில் மரக்கட்டைக்குப் பதிலாகத் தோல்பட்டி. குதிரை மயிர் திணித்த, துளைகள் இட்ட திண்டு ஒன்று அதில் இருக்கும். முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்து நடந்தபடியே பெண்கள் பின்னினார்கள். பின்னிய சால்வைக்குப் பணம் கிடைப்பது அரிது. வணிகர் தம் கடைச் சரக்கையே கூலியாகக் கொடுத்தனர். இதனை விசாரித்த அரச ஆணைக்குழுவின் அறிக்கை 1872இல் வெளியானது. அந்தச் சரக்குகளில் தேயிலையும் ஒன்று. (அது நமது தேயிலையாக இருந்திருக்க முடியாது, லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன.)

இதே காலத்தில் பின்னல் சீமாட்டிகளின் வரவேற்பறைக்குள்ளும் நுழைந்தது. கூலிக்காகப் பின்னுபவள்போல் இடுப்பில் கட்டை செருகிக்கொள்ள அவர்கள் விரும்புவார்களா? வலப்பக்க ஊசியை எழுதுகோலைப்போல் விரல்நுனியில் ஏந்தும் பாணி நாகரிகமாயிற்று. ஊசியைத் தாங்க வேறெதுவும் இல்லாமையால், நூலைச் சுற்றும்போதெல்லாம் கை ஊசியைவிட்டு விலகித் திரும்ப வேண்டியதாயிற்று. அழகான விரல்கள் அழகாகத் தெரிந்திருக்கும், வேகம் போய்விட்டது. 'ஆங்கில முறை' என்று இன்று சொல்லப்படும் கைவீச்சில் இந்த வரவேற்பறையின் சாயல் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வலக்கை மந்தமானதன்று. அதற்குத் துணைநின்ற கட்டையை நாகரிகம் பறித்துவிட்டது.

இவ்விடத்தில் றிச்சர்ட் றட் அவர்களைக் குறிப்பிட வேண்டும். 1987இல் கைப்பின்னலின் வரலாற்றை விரிவாக எழுதியவர் இவர். கொரியாவில் பணியாற்றி, கொரியக் கவிதைகளை மொழிபெயர்த்து, பின்னர் இங்கிலாந்தின் லெஸ்ரர் மறைமாவட்டத்துக்கு ஆயராக இருந்தவர், தாமும் பின்னுபவர். பின்னல் பெண்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இவரையும் பெரு நாட்டின் தக்கீலே தீவையும் நினைவிற் கொள்ளவேண்டும். அத்தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. அன்டீஸ் மலைநாட்டிலும் போர்த்துக்கலிலும் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பெருவிரலால் தட்டிவிடும் மூன்றாவது முறையும் வழக்கில் உண்டு. அம்முறையில் மறுபின்னலே எளிது.

இனி ஜேர்மன் முறைக்கு வருவோம். இடக்கையில் நூல் பிடிப்பது ஐரோப்பியப் பெருநிலத்தின் பல நாடுகளில் பரவியிருந்த வழக்கம். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அது பகைவரின் வழக்கமாகப் பார்க்கப்பட்டுச் செல்வாக்கிழந்தது என்று பின்னல் வரலாற்றை எழுதுவோர் கூறுவர். படைவீரருக்காகக் காலுறை பின்னும் கையிலும் நாட்டுப்பற்றுத் தேடப்பட்ட காலம் அது. என் தங்கை சொன்ன சொல் அவளுடையதன்று. அவளுக்குப் பழக்கியவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தது.

அமெரிக்காவில் அந்த முறைக்கு மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் சிமர்மன். 1910இல் பிறந்த ஆங்கிலப் பெண். தந்தை பிரித்தானியக் கடற்படை அதிகாரி. தாயிடம் ஆங்கில முறையையும், வீட்டுக்கு வந்து கற்பித்த சுவிஸ் ஆசிரியையிடம் இடக்கை முறையையும் கற்றார். அவர் மணந்த ஜேர்மன் மதுவடிப்பாளர் ஹிட்லரின் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். பகைவரின் முறை என்று ஒதுக்கப்பட்டதை, அந்தப் பகைவரிடமிருந்தே தப்பிவந்த குடும்பமொன்று மீட்டுக்கொடுத்தது. 1971இல் வெளிவந்த 'கண்ணீரின்றிப் பின்னல்' என்ற அவருடைய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. 1999இல் அவர் மறைந்தார்.

இரு நிறங்களில் கோலமிடும் ஃபெயார் ஐல் பின்னலுக்கு அவர் காட்டிய வழி, ஒரு நிறத்தை வலக்கையிலும் மற்றதை இடக்கையிலும் பிடிப்பது. ஒரு கை எறிய, மறு கையிலிருந்து ஊசி கொத்தும்; நூல்கள் சிக்குவதில்லை. பின்புறத்தில் ஓடும் நூலை இறுக்காமல் விடவேண்டும், இல்லையேல் துணி சுருங்கும்.

இவற்றையெல்லாம் தங்கைக்கு எழுதி அனுப்பினேன். ஷெற்லாந்துத் தோல்பட்டியை எங்கே வாங்கலாம் என்று கேட்டு மறுநாளே பதில் வந்தது.